திருப்பிக் கட்ட வேண்டாத பணம்

பன்னிரண்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள் என்று எங்கள் குடியிருப்புச் சங்கத்து ஜெகந்நாதன் சார் காலையில் போன் செய்தார், இப்போது பதினொன்று இருபது, நான் கீழே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் பையை இறக்கி வைத்துவிட்டு நிற்கிறேன். பையில் ஒன்றும் பெரிய கனமில்லை. இவருக்குப் பதினைந்து நாள் மாத்திரை, பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு பாக்கெட், பால், ஒரு கீற்றுப் பூசணி. ஆனாலும் மூன்று மாடி. மாடிக்குப் பதினெட்டுப் படி, ஐம்பத்துநாலு. வலது முழங்காலை முதலில் தூக்கினால் வலி, இடதை முதலில் தூக்கினால் வலதை இழுத்துக்கொண்டு வரவேண்டும், அதுவும் வலி. கைப்பிடிக் கம்பி வெயிலில் சுடுகிறது. நாலு படி ஏறியாகிவிட்டது. மூன்று லட்சம். லிஃப்ட் போட எங்கள் பங்கு. எட்டு வீடு, தரைத்தளத்து இரண்டு வீட்டுக்காரர்களும் எங்களுக்கு எதற்கு லிஃப்ட், நாங்கள் ஏன் கொடுக்கவேண்டும் என்று கேட்டுவிட்டார்கள், நியாயம்தான், மீதி ஆறு வீடு. மூன்றாவது மாடிக்காரர்கள் அதிகம் உபயோகிப்பார்கள், அதனால் முதல் மாடிக்காரர்களைவிட அதிகம் கொடுக்கவேண்டும் என்று போன கூட்டத்தில் பேசி முடித்தார்கள். அதுவும் நியாயம்தான். எல்லார் பேச்சிலும் நியாயம் இருக்கிறது, யாரையும் கோபித்துக்கொள்ள முடியவில்லை. பணம் கொடுக்காத வீட்டுக்குச் சாவி கிடையாதாம். லிஃப்ட் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும், நான் அதைச் சுற்றிப் படியேறிக்கொண்டிருப்பேன். பேங்க்கில் அறுபத்தோராயிரம் இருக்கிறது. பென்ஷன் மூவாயிரத்துச் சொச்சம் வருகிறது, ஓசூரிலிருந்து சுபாஷிணி மாதம் நாலாயிரம் அனுப்புகிறாள், அவளுக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்த நாலாயிரத்தை அவள் எங்கிருந்து எடுக்கிறாள் என்று மகளிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அம்மா, உன்கிட்ட நாற்பது லட்சத்துக்கு வீடு இருக்கு, நீ ஏழை இல்ல என்று ஒருநாள் சொன்னாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அன்று முழுக்க நான் சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் எந்தச் செங்கல்லை எடுத்துக்கொண்டு போய் மருந்துக் கடையில் கொடுப்பது.

பதினெட்டு ஆயிற்று. முதல் மாடி. இங்கே செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ஒரு திட்டு உண்டு, பையை வைத்துக்கொள்ளலாம். இந்தப் படியை முதல்முதலாக ஏறியபோது எனக்கு நாற்பத்தொரு வயது. மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன், பதினைந்து வருஷ சர்வீஸ், நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. அந்தக் கால்களுக்கு மூன்று மாடி ஒரு பொருட்டே இல்லை. இவர் எனக்கு முன்னால் ஓடினார். காற்று எப்படி வருது பாரு கோமளா, மேல யாரும் இல்ல பாரு, தடதடன்னு நடக்கிற சத்தம் இருக்காது பாரு. ஹார்டுவேர் கடையில் நின்று நின்று கூன் விழுந்த மனிதர், அன்றைக்கு நிமிர்ந்து நடந்தார். அதுவரை இருந்த வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். காலண்டரைப் பீரோ கைப்பிடியில் மாட்டியிருந்தோம், பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது கீழே விழும். அதனால் இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் கடையிலிருந்து கான்கிரீட் ஆணி வாங்கிவந்து வரிசையாக ஏழு ஆணி அடித்தார். மாட்டுவதற்கு எங்களிடம் இரண்டு படம்தான் இருந்தது. நான் சிரித்தேன். அப்போது சிரிப்பு வந்தது. வீட்டின் விலை ஒன்பது லட்சம். பேங்க் ஐந்தரை கொடுத்தது. நகை போயிற்று. அப்புறமும் ஒன்றே முக்கால், இரண்டு குறைந்தது. உன் பி.எஃப். இருக்கே என்றார் இவர். அவருடைய கடையில் பி.எஃப். எல்லாம் கிடையாது, சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அது வயசான காலத்துக்கு இல்லையா என்று கேட்டேன். கேட்டேனா? கேட்டதாகத்தான் ஞாபகம். சில நாள் கேட்கவில்லை என்றும் தோன்றுகிறது, நானும்தான் ஆசைப்பட்டேன், அவர் தலையில் மட்டும் கட்டக்கூடாது. வயசான காலத்துல இருக்கிறதுக்குத்தானே வீடு என்றார். அந்தப் பேச்சில் எனக்கு ஓட்டை தெரியவில்லை. கம்பெனி ஆபீசில் சேஷாத்ரி சார் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். இந்தக் கடனை மாசம் எவ்வளவு சார் பிடிப்பீங்க என்று நான் கேட்டதற்கு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கடன் இல்லம்மா, உங்க பணம், வீடு வாங்குறதுக்கு எடுத்தா திருப்பிக் கட்ட வேண்டியதில்ல என்றார். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த வார்த்தை. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். பேங்க்காரனுக்கு மாதம் பிறந்தால் கட்டவேண்டும், கட்டாவிட்டால் போன் வரும், அதனால் கட்டினோம், பதினைந்து வருஷத்தில் அது தீர்ந்துபோயிற்று. இதைக் கட்டு என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததைக் கட்டுகிறவர்கள் உண்டா. எடுத்த இடம் அப்படியே பள்ளமாகக் கிடந்தது.

பையின் காது விரலை அறுக்கிறது. கை மாற்றிக்கொண்டேன். ஆறு படி. இந்த இடத்தில் வெளிச்சம் குறைவு, சுவரில் தண்ணீர் இறங்கிய கறை இருக்கிறது, அதற்கு வாட்டர் ப்ரூஃப் அடிக்க வீட்டுக்கு எட்டாயிரம் என்று போன வருஷம் வாங்கினார்கள். கட்டடத்துக்கும் வயதாகிறது. எனக்கு மாத்திரை, அதற்குச் சிமெண்டு. மாதாமாதம் பராமரிப்பு ஆயிரத்து ஐந்நூறு. பென்ஷனில் பாதி இந்தப் படியைக் கூட்டவும் தண்ணீரை மேலே ஏற்றவும் போய்விடுகிறது. ஃபிலோமினா பக்கத்தில் இருந்தால் இப்போது ஒரு பெருமூச்சு விட்டு, விடு கோமு என்பாள். அவளும் நானும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம், ஒரே பெஞ்ச், ஒரே சம்பளம், ஐந்து பத்து ரூபாய் முன்னே பின்னே. அவள் இன்றுவரை வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஐந்து வீடு மாறினாள். ஒவ்வொரு தடவையும் நான் அவளுக்காகப் பரிதாபப்பட்டேன், சாமான் கட்ட அட்டைப்பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன், உள்ளுக்குள்ளே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை இப்போது ஒப்புக்கொள்வதில் என்ன. வருஷா வருஷம் பி.எஃப். கணக்குச் சீட்டு வரும். கேண்டீனில் வைத்து அவள் அதைப் பிரித்துப் படிப்பாள். நாம போடுறது ஒரு பங்கு, கம்பெனி போடுறது ஒரு பங்கு, அதுக்கு மேல கவர்மெண்ட் இவ்வளவு வட்டி போடுது பாரு, அதுக்கு வரி கூட இல்ல, நமக்கு வேற யாரு கோமு சும்மா குடுப்பா என்பாள். நான் என் சீட்டை மடித்து டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுவேன். வீடு வாங்கி ஆறு வருஷம் கழித்து இன்னொரு தடவையும் எடுத்தேன். வீட்டில் வேலை செய்வதற்கும் கொடுப்பார்கள் என்று தெரிந்தது. ஒன்று அறுபது. ஜன்னலுக்குக் கம்பி, சமையலறைக்குக் கிரானைட் மேடை, பரண். இதற்கும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. இரண்டாவது தடவை எடுக்கும்போது யாரையும் ஒன்றும் கேட்கக்கூட இல்லை, கை பழகிவிட்டது. ரிட்டயர்டு ஆன அன்று எனக்கு நாலே கால் லட்சம் வந்தது. ஃபிலோமினாவுக்குப் பதினாறு லட்சத்துக்கு மேல். நான் எடுத்ததையும் எனக்கு வந்ததையும் சேர்த்தால்கூட எட்டு தானே வருகிறது, மீதி எட்டு எங்கே என்று பஸ் ஸ்டாப்பில் நின்று விரல் விட்டு எண்ணினேன். அவள்தான் சொன்னாள். எடுத்த அன்னிக்கு இருந்த பணத்த மட்டும் நீ எடுக்கல கோமு, இத்தன வருஷம் அது போட்டிருக்கவேண்டிய குட்டியையும் சேர்த்து எடுத்திட்ட. குத்திக்காட்டிச் சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். தன் பதினாறு லட்சத்தைத் தபால் ஆபீசில் போட்டிருக்கிறாள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முப்பதாயிரத்துக்கு மேல் வட்டி வருகிறது. தரைத்தளத்தில் இருக்கிறாள். வாசலில் இரண்டே படி.

முப்பத்தாறு. இரண்டாவது மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெகந்நாதன் சார் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் சங்கத்து நோட்டு. என் மூச்சுச் சத்தம் எனக்கு முன்னால் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். நல்ல மனிதர். இவர் பக்கவாதம் வந்து விழுந்த அன்று ஆம்புலன்சுக்குப் போன் செய்தது அவர்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் இவரை உட்காரவைத்து, என் புடவையால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, நாலு பேர் தூக்கி இறக்கினார்கள், அதில் ஒருவர் அவர். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியைச் சாய்த்து, உயர்த்தி, மெதுவா மெதுவா என்று சொல்லிக்கொண்டு. இவர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். வலி என்று நினைத்தேன். வலி இல்லை, ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்தொன்பது நாள் கழித்து அதே மாதிரி மேலே ஏற்றினார்கள். ஆடி மாதம். அதற்கப்புறம் இவர் இறங்கவே இல்லை, இப்போது மாசி பிறந்துவிட்டது. கைக்கு வந்த நாலே கால் லட்சத்தில் மூன்றரை அந்தப் பத்தொன்பது நாளில் போயிற்று. ஜெகந்நாதன் சார் நோட்டைப் புரட்டியபடி, லிஃப்ட் கம்பெனிக்காரர் இன்றைக்கு அட்வான்ஸ் வாங்க வருகிறார் என்றும், எங்கள் வீடு ஒன்றுதான் பாக்கி என்றும், ஒரே தடவையில் முடியாவிட்டால் மூன்று தவணையாகக் கொடுக்கலாம், மற்றவர்களிடம் தான் பேசிக்கொள்வதாகவும் சொன்னார். லிஃப்ட் வந்தால் வீட்டு விலை நாலு லட்சமாவது ஏறும் என்றார். ஏறட்டும். ஏறின விலை யார் கைக்கு வரும். வீட்டைப் போட்டுக் கடன் கிடைக்குமா என்று பேங்க்கில் கேட்டாயிற்று. வயதையும் வருமானத்தையும் கேட்டுவிட்டு அந்தப் பெண் ரொம்ப மரியாதையாகச் சிரித்தது. விற்றுவிடலாம் என்று பார்த்தால், வந்த இரண்டு பேரும் இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்கி நின்று, லிஃப்ட் இல்லையா என்று கேட்டுவிட்டு இருபத்திரண்டு லட்சத்துக்கு வந்தார்கள். இவருக்குத் தெரியாமல்தான் காட்டினேன், தூரத்துச் சொந்தம், பார்க்க வந்திருக்கிறார்கள் என்று பொய் சொன்னேன். அவர்கள் போனதும் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன், விலைக்காகவா பொய்க்காகவா என்று தெரியவில்லை. "நீங்க வேணாம்னு சொன்னாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன் மேடம். ஆனா சாரை நினைச்சுப் பாருங்க. அவருக்காகத்தான் நாங்க இதையே ஆரம்பிச்சோம்" என்றார் ஜெகந்நாதன் சார். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு உடனே போன் பண்றேன் சார் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்காக ஆரம்பித்தார்களாம். அந்தக் கருணைக்கும் மூன்று லட்சம். சேச்சே, இப்படி நினைக்கக்கூடாது. கடைசிப் பதினெட்டுப் படிதான் எப்போதும் மோசம். இங்கே படியின் உயரம் கொஞ்சம் அதிகமோ என்று சந்தேகம், சுபாஷிணியின் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து ஒருநாள் அளந்துகூடப் பார்த்தேன், எல்லாம் ஒன்றுதான். ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் வரமாட்டார்கள், எதிர் வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள். பால் சூடாகிறது. இரண்டு நிமிஷம். இங்கே உட்கார்ந்தால்தான் அந்த நினைப்பு வருகிறது, வரக்கூடாது என்று நினைத்தால் சரியாக வந்து நிற்கிறது, இவர் மேலேயே போய்விட்டால் எப்படி இறக்குவார்கள். எதிர் வீட்டுப் பெரியவரை இறக்கியதைப் பார்த்திருக்கிறேன். திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் வளையவில்லை. நிறுத்திப் பிடித்துத்தான் இறக்கினார்கள், நின்றுகொண்டு போவதுபோல் போனார். சரி, நான் முன்னால் போய்விட்டால். அது இன்னும் மோசம். கதவைத் திறக்கக்கூட இவரால் எழுந்து வர முடியாது, பூசணிக்காயும் பாலும் இந்த ஏழாவது படியில் கிடக்கும், யாராவது மேலே ஏறி வருகிறவரைக்கும். ஃபிசியோதெரபிப் பையன் செவ்வாய்க்கிழமைதான் வருவான். இன்று ஞாயிறு. அவன் சொன்னதும் நினைவுக்கு வருகிறது, சமமான தரையில் தினமும் இருபது நிமிஷம் நடந்தால் சார் ஆறு மாதத்தில் கம்பு ஊன்றித் தெருவுக்கே போவார் என்று. சமமான தரை இங்கே ஹாலில் பதினோரு அடி. அதற்கப்புறம் சுவர். எங்கள் சொந்தச் சுவர். வயதான காலத்துக்கு என்று ஒதுக்கின பணத்தில் வயதானவர்கள் ஏறமுடியாத இடத்தில் வாங்கியிருக்கிறோம். இதை நான் இவரிடம் சொன்னதில்லை. சொன்னால் தாங்கமாட்டார். அந்த மனிதருக்கு வாழ்க்கையில் அமைந்தது இந்த ஒரு வீடுதான். வாடகைக்கு விட்டுவிட்டு எங்காவது கீழ் வீட்டில் ஒற்றை அறை பார்த்துப் போனால் என்ன என்று இவரை மேலே ஏற்றின நாளிலிருந்து எனக்கு ஒரு கணக்கு ஓடுகிறது. ஐ.டி. கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் மூன்று மாடியைப் பொருட்படுத்தமாட்டார்கள், பதினோராயிரம் கொடுப்பார்கள். கீழ் போர்ஷன் ஆறாயிரத்து ஐந்நூறுக்குக் கிடைக்கும். மிச்சம் நிற்கும். ஆனால் அதை இவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது, மறுபடி வாடகை வீடு, மறுபடி ஒரு வீட்டுக்காரர், மறுபடி சுவரைத் தொடாதே என்று. எழுந்திரு. எழுந்தேன்.

கதவைத் திறந்ததும் இவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த முகத்தைத் திருப்பினார். கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்காரவைத்துவிட்டுப் போயிருந்தேன், வலது பக்கம் சரிந்திருந்தார். நிமிர்த்தினேன். மாத்திரையைக் கொடுத்தேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஜெகந்நாதன் சார் சொன்னதையெல்லாம் சொன்னேன், தவணையையும் சொன்னேன். சுபாஷிணியைக் கேட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். இவருக்கு இப்போது ஒரு வார்த்தை வர நேரம் ஆகும், நான் அவசரப்படுத்துவதில்லை. பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தேன். உதட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, "வீட்ட வாடகைக்கு விட்டுடலாமா" என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம். என்னங்க சொல்றீங்க என்றேன். இன்னொரு தடவை சொன்னார், இந்தத் தடவை இன்னும் தெளிவாக. கீழே எங்காவது போய்விடலாம் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்திலேயே தனக்கு அப்படித் தோன்றிவிட்டதாகவும், அன்றைக்கு வந்து பார்த்த இரண்டு பேரும் சொந்தக்காரர்கள் இல்லை என்று தெரியும் என்றும் சொன்னார். துண்டு துண்டாகச் சொன்னதை நான்தான் கோத்துக்கொண்டேன். ஏழு மாதம். இந்தக் கட்டிலுக்கும் அந்த அடுப்புக்கும் நடுவே ஏழு மாதம் ஒரே நினைப்பை ஆளுக்கு ஒரு பக்கம் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். ஒரு நிமிஷம் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது, பக்கத்திலிருந்த டம்ளரைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. ஏன் சொல்லல என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எப்படிச் சொல்றது. உன் பணம். நின்னு நின்னு சேர்த்தது. நான் வாங்கி இதுல போட்டேன். இப்ப போய், இது வேணாம்னு எந்த வாயால சொல்றது."

இவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் பார்க்கவில்லை. வாய் ஓரத்தைத் துடைத்துவிட்டேன். நானும் கையெழுத்துப் போட்டேன், இரண்டு தடவை போட்டேன் என்றேன். அவருடைய இடது கை என் முழங்காலைத் தேடிவந்து அதன்மேல் இருந்தது, அழுத்தவில்லை, தடவவில்லை, சும்மா இருந்தது. அந்தக் கை வைத்த இடம் வலித்தது, எடுக்கச் சொல்லவில்லை. கீழ் வீடென்றால் வெளியே நாற்காலி போட இடம் இருக்குமா என்று கேட்டார். பார்த்து எடுக்கலாம் என்றேன். நாலு மனிதர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்றார். வீட்டுக்காரர் எப்படிப்பட்டவரோ என்றேன். எப்படிப்பட்டவராக இருந்தால் என்ன என்பதுபோல் தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஜெகந்நாதன் சாருக்குப் போன் செய்து, எங்கள் பெயரை எழுத வேண்டாம், வருகிறவர்கள் படியேறிக்கொள்வார்கள் என்றேன். யார் வருகிறார்கள் என்று கேட்டார். சாயங்காலம் வந்து சொல்கிறேன் என்றேன். அப்புறம், மெயின் ரோட்டில் போர்டு வைத்திருக்கிற வீட்டுப் புரோக்கரின் நம்பரைப் போட்டேன், போன மாதமே குறித்து வைத்திருந்த நம்பர். அந்தப் பக்கம் பஸ் இரைச்சல். பெயர், தெரு, எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தவர், "வீடு விடுறீங்களாம்மா, தேடுறீங்களா?" என்றார்.

"ரெண்டும்தாங்க" என்றேன்.

இரைச்சலில் கேட்கவில்லை போல. மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.